படித்தது யாரென்று சொல்லாத பக்கம்

அத்தியாயம் 14

காலைக் கஞ்சி முடிந்ததும் அபா மேசைக்கு நகர்ந்து உட்கார்ந்தார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் டேப்லெட்டின்மேல் இறங்கி, ஓர் எழுத்தைத் தேடித் தொட்டு, மறுபடி எழும்பியது.

எதிரே மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, மகள் லாரஸ் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பறையின் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரலாக இருந்தது அவருடையது. பௌதிக வாத்தியார். போன வருடம் வந்த பக்கவாதம் வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே மதியத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. விட்டுவைத்தது ஒரே ஒரு சொல்லை. "ம்பு." மனைவியை அவரும், பிள்ளைகள் அம்மாவை அழைப்பதுபோல, அம்பு என்றுதான் கூப்பிடுவார். இப்போது பசித்தாலும் அதுதான், தண்ணீருக்கும் அதுதான், ஜன்னலைச் சாத்தச் சொல்வதும் அதுதான்.

மற்றதையெல்லாம் ஹலாமானில் எழுதினார்.

ஹலாமான் லாரஸ் கட்டிய இணைய நாட்குறிப்பு. அவர்கள் மொழியில் பக்கம் என்றாலும் ஹலாமான்தான், வீட்டு முற்றம் என்றாலும் ஹலாமான்தான். இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று அந்தப் பெயரை வைத்தாள். ஜகார்த்தாவில் ஒரு பெரிய இணையக் கடைக்குத் திரை வடிவமைத்துக்கொண்டிருந்தவள், வேலை போய், பண்டுங்குக்கே அப்பா அம்மாவிடம் திரும்பி வந்த மழைக்காலத்தில் செய்தது.

அவள் கல்லூரியில் படித்த காலத்தில் இணையத்தில் நாட்குறிப்பு எழுதுவது ஊர் முழுக்க ஒரு காய்ச்சலாக இருந்தது. அவளுக்கு ஒரு பக்கம், தம்பி கிலாங்குக்கு ஒரு பக்கம். பள்ளிக்கூடப் பையனான கிலாங் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்தும், மேலிருந்து கொட்டும் நட்சத்திரமுமாக வைத்திருந்தான். "கண்ணு வலிக்குதுடா, படிக்கவே முடியல," என்று லாரஸ் திட்டுவாள். "கஷ்டப்பட்டுப் படிக்கிறவங்க படிச்சா போதும் தேத்தே," என்பான். அக்கா அவனுக்கு எப்போதும் தேத்தேதான். ஒரு நாள் அந்த நிறுவனம் கடையை மூடியது. அவனுடைய நட்சத்திரங்களோடு எல்லாம் போயிற்று.

அதைத்தான் அவள் திரும்பக் கட்டினாள். வெளுத்த காகித நிறம். ஒரே ஒரு பெட்டி. மேலே தேதி, பக்கத்தில் சின்னதாக ஒரு படம், கீழே 'மனநிலை' என்று ஒரு வரி. பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டுபோல் உள்வாங்கி நிற்கும். யார் படிக்கலாம் என்று பூட்டிக்கொள்ளலாம்: எனக்கு மட்டும், வீட்டுக்கு மட்டும், ஒருவருக்கு மட்டும், எல்லோருக்கும். இதயம் கிடையாது, எண்ணிக்கை கிடையாது, சிவப்புப் புள்ளி கிடையாது. கீழே போனால் பக்கம் முடிந்துவிடும். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தில் எந்தப் பக்கமும் முடியாது. முடியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பழைய தோழிகள் எல்லாரும் முதல் வாரம் ஓடி வந்தார்கள். "ஐயோ, அந்தக் காலம் மாதிரியே இருக்குடி!" என்று எழுதினார்கள். இரண்டாவது வாரம் பாதிப் பேர். பிறகு மலாங்கிலிருக்கும் ரெத்னோ மட்டும் தன் பூனைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் நிறுத்திவிட்டாள். ஹலாமானில் மிஞ்சியது அபா ஒருவர். அவருக்குக் கீழே அவ்வப்போது பதில் எழுதும் கிலாங்.

ஆம், கிலாங். ஐந்து வருடமாக இந்த வீட்டுப் படி ஏறாதவன், அபாவின் குறிப்புகளுக்குக் கீழே ஒரு வரி, இரண்டு வரி எழுதிக்கொண்டிருந்தான். 'சரி அபா.' 'மழையா அங்கே?' 'சாப்பிட்டீர்களா?' அதைப் படித்த நாளெல்லாம் அபா கஞ்சியை மீதம் வைப்பதில்லை. இந்த ஓட்டைப் படகு கட்டியதற்கு இது ஒன்று போதும் என்று லாரஸ் நினைத்திருந்தாள்.

அபா டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார்.

'ஒரு கண் வை.'

"என்ன கண், அபா?"

விரல் மறுபடி இறங்கியது. அவள் காத்திருந்தாள். வெளியே மீ பக்ஸோ நூடுல்ஸ் வண்டிக்காரன் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு தெருவைக் கடந்து, அந்த ஓசை முனைவரை போய்த் தேய்ந்தது.

'அவன் படித்தால் கண் திறக்க வேண்டும். படிக்காவிட்டால் மூடி இருக்க வேண்டும்.'

"அதான் பதில் எழுதறானே அபா. படிக்காமலா எழுதறான்?"

'எல்லாவற்றுக்கும் எழுதவில்லை.'

"இதுல அது கிடையாது அபா. யார் பாத்தா, யார் பாக்கலைன்னு தெரியக்கூடாதுன்னுதான் இப்படிக் கட்டினேன். தெரிஞ்சா நிம்மதியா எழுத முடியாது."

அவர் அவளையே பார்த்தார். ஒரு பக்கம் தொங்கிய வாய். அதற்குமேல் அதே பழைய வாத்தியார் கண்கள். தப்பான விடை சொன்னவனை உட்காரச் சொல்லாமல் நிற்கவைக்கும் பார்வை. பிறகு குனிந்து தட்டினார்.

'இன்று ஒன்று எழுதப் போகிறேன். அதை அவன் படித்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

லாரஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

கண் போடுவது பெரிய வேலையில்லை. யார், எப்போது, எங்கிருந்து உள்ளே வந்தார்கள் என்பதை இயந்திரம் தன் பாட்டுக்குக் குறித்து வைத்திருக்கும். அதைத் திறந்து பார்ப்பதில்லை என்பது லாரஸ் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சத்தியம். இன்று திறந்தாள்.

கிலாங்கின் பெயரில் வந்த ஒவ்வொரு வருகையும் இந்த வீட்டு வைஃபையிலிருந்து வந்திருந்தது. எல்லாம் ஒரே போன். லாரஸ் புதிது வாங்கியபோது அம்புவிடம் கொடுத்த, மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட அவளுடைய பழைய போன்.

*

அம்பு அடுக்களையில் சாயுர் அசெம் புளிக்குழம்புக்குக் காராமணி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்பு, கிலாங் பேர்ல எழுதறது நீங்களா?"

கை நிற்கவில்லை. "மெதுவாப் பேசு. உங்கப்பாவுக்கு வாய்தான் போச்சு, காது போகல."

"எப்பலேருந்து?"

"மொதல்லேருந்து. அவனைச் சேர்த்துவிடச் சொல்லி நீதானே எங்கிட்ட அவன் பேரும் பாஸ்வேர்டும் கொடுத்தே? அனுப்பினேன். ஒரு வார்த்தை வரல. சும்மா கிடக்குதேன்னு நான் உள்ளே போனேன்."

"அம்பு, இது..."

"என்ன இது? அந்த மனுஷன் ஒரு வாக்கியம் எழுத காலைப்பொழுதையே தின்னுடறார். எழுதிட்டு அந்த டேப்லெட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார், லாரஸ். நாய்கூட வாசல்ல அப்படிக் கிடக்காது. என்னால பாக்க முடியல. சாப்டீங்களான்னு எழுதினேன். அதுல என்ன பொய்? நான் கேக்கறதுதானே அதுவும்?"

"மேல அவன் பேர் இருக்கே!"

"அவனுக்குப் பேர் வெச்சதே நான்தான்."

லாரஸுக்குச் சிரிப்பு வந்தது. அது முகத்துக்கு வருவதற்குள் வேறொன்றாகிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அபா கண் கேக்கறார் அம்பு. அவன் படிச்சா திறக்கணுமாம்."

"வெச்சிடேன்."

"என்னன்னு வெப்பேன்? நீங்க படிச்சா அவன் கண் திறக்கும். நீங்க ஒரு நாள் மறந்தா மூடிக்கும்."

"அப்ப எப்பவும் திறந்தே இருக்கற மாதிரி வெச்சிடு." அம்பு இப்போதுதான் தலை நிமிர்ந்தாள். "உனக்குத் தெரியாததா? நீ ஆபீஸ்ல செஞ்சதுதானே?"

செய்ததுதான். 'இந்தச் செருப்பை இப்போது பதினேழு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று திரையில் ஓர் ஆரஞ்சு வரி துடிக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. வாய்க்கு வந்த எண்ணைப் போடும்படி எழுதியது லாரஸின் குழு. ஆரஞ்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தது லாரஸ். வேலை போன அன்று இதைச் சொல்லி அம்புவின் தோளில் அழுதிருந்தாள். அம்பு எதையும் மறக்கிறவள் இல்லை.

"நான் அவனைப் போய்ப் பாக்கறேன்," என்று எழுந்தாள் லாரஸ்.

"போகாதே. நான் போனப்பவே கதவைத் திறக்கல அவன்."

"எனக்குத் திறப்பான்."

"திறந்து?" என்றாள் அம்பு.

*

கியாரசோண்டோங்கில் ரயில் ஏறி பதலாராங்கில் இறங்கியபோது தூறல் பிடித்துக்கொண்டது. கிலாங்கின் வீடு நிலையத்துக்குப் பின்னால், சுண்ணாம்புத்தூள் படிந்த சந்தில். வீட்டின் முன்பாதியே பட்டறை. துவைக்கும் இயந்திரங்கள் வயிறு திறந்து கிடந்தன. ஒன்றின் உள்ளே தோள்வரை கையை விட்டிருந்தான்.

"வாங்க தேத்தே," என்றான், கையை எடுக்காமலே. "அபா போயிட்டாரா?"

"இல்லடா."

"ஓ."

அவன் மனைவி இமாஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். கிலாங்கைவிட எட்டு வயது மூத்தவள். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி முறிந்தவள். அதற்காகத்தான் அபா இந்தக் கல்யாணத்துக்கு வரவில்லை, மற்றவர்களையும் போகவிடவில்லை. டீயை வைத்துவிட்டு அவள் கதவோரம் நின்றாள்.

லாரஸ் வரும் வழியெல்லாம் பேச்சைக் கோத்து வைத்திருந்தாள். கிலாங்கின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் நிற்கவில்லை. வீட்டில் அவனைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர்தான் முதலில் வந்தது.

"ஜாங், அபா எழுதறார். உனக்குத்தான் எழுதறார். ஒரே ஒரு குறிப்பு படிச்சா போதும். என் போன்லயே காட்டறேன். நீ எதுவும் எழுத வேண்டாம்."

"அந்தப் பழைய டைரி மாதிரி ஒண்ணு கட்டியிருக்கீங்களாமே. அம்பு லிங்க் அனுப்பினாங்க. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. நட்சத்திரம் மட்டும் கொட்டாது."

ஒரு கணம் அவன் வாயோரம் அசைந்தது. உடனே அடங்கியது. இயந்திரத்திலிருந்து கையை உருவி, துணியில் துடைத்துக்கொண்டான். விரல் விரலாக வெகு நேரம் துடைத்தான்.

"தேத்தே, என் மக பொறந்து நாலாம் நாள் போனா. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்டா."

"விடியக்காலையில அபாவுக்குப் போன் பண்ணினேன். எடுக்கல. அப்புறம் எழுதினேன். 'அபா, உங்க பேத்தி போயிட்டா, மதியம் அடக்கம், அம்புவைக் கூட்டிட்டு வாங்க.' அப்ப அம்புகிட்ட தனியாப் போன் கிடையாது. அவருக்கு எழுதினாத்தான் அம்புவுக்கும் போகும்."

"அன்னிக்குப் போன் கெட்டுப் போயிருந்துச்சு ஜாங். அபா சாயங்காலம்தான் பாத்தார். அம்பு சொன்னாங்களே."

"ரெண்டு டிக்கும் நீலமாச்சு தேத்தே."

பட்டறைக்குள் ஈரத்துணி நாற்றமும் சோப்பு நாற்றமும் கலந்து நின்றன. இமாஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அனுப்பின கொஞ்ச நேரத்துலயே நீலமாச்சு. படிச்சிட்டார். சரி, கிளம்பியிருப்பாங்கன்னு நெனச்சேன். குழியை மூட விடல நான். 'எங்கப்பா வராரு, இருங்க'ன்னேன். மழை வேற. எல்லாரும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எத்தனை நேரம்தான் நிப்பாங்க?"

லாரஸ் டீக் கிளாஸைப் பிடித்திருந்தாள். குடிக்கவில்லை.

"இப்ப அவர் எழுதறாராம், நான் படிக்கணுமாம்." குரலை உயர்த்தாமலே சொன்னான். "கோவம்கூட இல்ல தேத்தே. கோவம் இருந்தா வந்து கத்திட்டாவது போயிருப்பேன். ஒண்ணுமே இல்ல. அவர் பேரைக் கேட்டா, தெருவுல யாரோ யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"அவருக்குப் பேச்சு போயிடுச்சுடா."

"பேச்சு இருந்தப்ப என்ன பேசினார்?"

"குழந்தைக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்க?" என்று லாரஸ் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்து வருடத்தில் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வெச்சிருந்தோம்," என்றான் கிலாங். "உங்களுக்குச் சொல்ல மாட்டேன்." இயந்திரத்துக்குள் மறுபடி கையை விட்டான்.

சந்து முனைவரை இமாஸ் குடையோடு கூடவே வந்தாள். நிலையம் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"தேத்தே, அதை நான் படிக்கலாமா? இவர் படிக்க மாட்டார். எனக்குத் தெரியணும், அந்தப் பெரியவர் என்னதான் எழுதறார்னு."

லாரஸ் யோசிக்கவில்லை. யாராவது ஒருவர், அந்த வீட்டிலிருந்து ஒரு ஜோடிக் கண் என்று மட்டும்தான் நினைத்தாள். முகவரியைச் சொன்னாள். "கிலாங் பேர்லயே போங்க. பாஸ்வேர்டு, சின்ன வயசுல நாங்க இருந்த சந்தோட பேர்."

"தெரியும். தூக்கத்துல சொல்லுவார்," என்றாள் இமாஸ்.

ரயில் சிமாஹியைத் தாண்டியபோதுதான் லாரஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரில் உள்ளே போகிறவளுக்கு அம்பு எழுதிய பதில்கள் எல்லாம் கண்ணெதிரே நிற்கும். கிலாங் எழுதாத கிலாங்கின் வார்த்தைகள். போனை எடுத்தாள். இங்கிருந்தே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். மாற்றினால் இமாஸ் வெளியே நிற்பாள். அம்புவும் வெளியே நிற்பாள். அபாவுக்கு இன்று பதில் வராது. இன்று ஒன்று எழுதப் போகிறேன் என்று காலையில் சொல்லியிருக்கிறார்.

கட்டைவிரல் திரைமேல் நின்றது. கியாரசோண்டோங் வந்துவிட்டது. மாற்றாமலே இறங்கினாள்.

*

வீட்டுக்குள் நுழைந்ததும் அபா அவளைக் கண்டுகொண்டு இடது கையை ஆட்டினார். முகம் முழுக்க நனைந்திருந்தது. ஒரு பக்க வாய் மேலே ஏறி, மறு பக்கம் ஏற முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரமானது. பக்கவாதம் வந்த பிறகு அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

டேப்லெட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மேலே தான் எழுதியதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பூட்டு 'ஒருவருக்கு மட்டும்' என்று காட்டியது. கைக்குக் கீழே, உள்வாங்கிய படிக்கட்டில், ஒரே ஒரு சொல் தெரிந்தது.

கிலாங்: படித்தேன்.

"ம்பு," என்றார் அபா. "ம்பு, ம்பு." அம்புவிடம் போய்ச் சொல் என்கிறார்.

அம்பு பின்வாசலில், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். கொடியில் துணிகள் தூறலில் நனைந்துகொண்டிருந்தன, எடுக்கவில்லை. போன் மடியில் இருந்தது.

"அம்பு? அபா ஒரே சந்தோஷமா..."

அம்பு போனை நீட்டினாள். ஒருவருக்கு மட்டும் என்று பூட்டியதை அந்த ஒருவருடைய பெயரில் திறந்துவைத்திருந்தாள். லாரஸ் நின்றபடியே படித்தாள். ஒற்றை விரலில் பகலெல்லாம் தட்டிய வாக்கியங்கள்.

'ஜாங். உன் மகளைப் பற்றி எழுதுகிறேன். நீ அனுப்பிய செய்தியை அன்று காலையிலேயே படித்துவிட்டேன். போன் கெட்டுவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கெடவில்லை. அணைத்து அலமாரியில் வைத்தேன். பள்ளிக்குப் போனேன். ஒளிவிலகல் பாடம் நடத்தினேன். ஒரு பையன் சந்தேகம் கேட்டான், இரண்டு முறை விளக்கினேன். மாலையில்தான் உன் அம்மாவிடம் சொன்னேன். தெரிந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அவளைக் கோபிக்காதே. அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன். மன்னிக்கக் கேட்கவில்லை. படித்தாய் என்று மட்டும் சொல்.'

மனநிலை என்ற இடத்தில் எப்போதும் போல 'ஒன்றுமில்லை' என்று இருந்தது.

லாரஸ் அம்புவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் சில்லென்று இருந்தது.

"அன்னிக்கு நான் சார்ஜர் வாங்கப் போனேன்," என்றாள் அம்பு.

"என்ன அம்பு?"

"போன் செத்துப்போச்சுன்னாரு. பிள்ளைத்தாய்ச்சியா இருந்தவளுக்கு வலி எடுத்து நாலு நாள் ஆச்சே, ஏதாவது சேதி வருமேன்னு எனக்கு இருப்புக் கொள்ளல. அவர் பள்ளிக்கூடம் போனதும் கடைக்குப் போய்ப் புது சார்ஜர் வாங்கிட்டு வந்தேன். கொட்டற மழை. நனைஞ்சிடக்கூடாதேன்னு உள்பாவாடையில சொருகிக்கிட்டு வந்தேன். வந்து பாத்தா போனைக் காணோம். கையோட எடுத்துட்டுப் போயிட்டார்போலன்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "அலமாரியில இருந்திருக்கு. என் கைக்கெட்டற தூரத்துல. சுடுசோத்துக்கு உப்புப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன் நான், அந்த நேரத்துல."

"கிலாங் சொன்னான் அம்பு. அபா படிச்சது அவனுக்கு அன்னிக்கே தெரியுமாம்."

"தெரியுமா?" அம்பு தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். "அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது. மூணாம் நாள் போய்க் கதவைத் தட்டினேனே. போன் கெட்டுப்போச்சு மகனே, போன் கெட்டுப்போச்சுன்னு சந்துல நின்னு அழுதேனே. உள்ளே இருந்து கேட்டுக்கிட்டு இருந்திருப்பான். நானும் சேர்ந்து பொய் சொல்றேன்னு நெனச்சிருப்பான்."

"அபாகிட்ட கேளுங்க அம்பு. போய்க் கேளுங்க."

"என்னன்னு கேப்பேன்? எப்படித் தெரியும்னா? மகன் பேர்ல உக்காந்து நான்தான் படிச்சேன்னு சொல்லவா? சொன்னா, இத்தனை நாள் வந்த பதிலெல்லாம் என்னன்னு அவருக்குத் தெரிஞ்சுபோகும். அன்னிக்கே செத்துப்போவார்." ஈரக்கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "வாயைத் திறந்தா அவர் போவார். திறக்கலைன்னா நான் போவேன். நல்லாத்தான் கட்டியிருக்கே லாரஸ், உன் முற்றத்தை."

படித்தவர் யாரென்று தெரியாமலிருப்பது கருணை என்றுதான் லாரஸ் நினைத்திருந்தாள்.

"'படித்தேன்'னு எழுதினீங்களே," என்றாள் கடைசியில்.

"வேற என்ன எழுத? அதுதானே கேட்டார். படிச்சேன். அது நிஜம்தானே."

தூறல் விட்டது. மசூதியிலிருந்து மக்ரிப் அழைப்பு எழுந்து, அடுத்த தெருவில் இன்னொன்று அதோடு சேர்ந்துகொண்டது. அம்பு எழுந்து முகம் கழுவினாள், தொழுதாள். பிறகு வழக்கம்போல் சோற்றைக் குழைய மசித்து, சாயுரின் சாற்றை விட்டுப் பிசைந்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்து வாசல்வரை வந்தாள். மேசையருகே அபா டேப்லெட்டை மார்போடு சாய்த்துக்கொண்டு, அவள் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்பு வாசற்படியில் நின்றாள். கிண்ணத்தை லாரஸின் கையில் வைத்தாள்.

"இன்னிக்கு நீ ஊட்டு."

"அம்பு..."

"இன்னிக்கு மட்டும்னு சொல்லல," என்றாள் அம்பு. திரும்பிப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

லாரஸ் உட்கார்ந்து முதல் கரண்டியை நீட்டினாள். அபா வாயைத் திறந்தார். ஆனால் சோற்றை வாங்க அல்ல.

"ம்பு?" என்றார்.

"வேலையா இருக்காங்க அபா. சாப்பிடுங்க."

அவள் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள். இமாஸ்.

'தேத்தே, உள்ளே போயிட்டேன். எல்லாத்தையும் படிச்சுக்கிட்டிருக்கேன். இவர் பக்கத்துலதான் உக்காந்து மெஷினைக் கழட்டறார். அப்புறம் இவர் பேர்ல உங்கப்பாவுக்குப் பதில் எழுதறது யாரு?'

"ம்பு," என்றார் அபா, இம்முறை சற்று உரக்க. கழுத்தைத் திருப்பி, சாத்தியிருந்த பின்கட்டுக் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் அசைவும் இல்லை.

கரண்டியில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ம்பு. ம்பு."